ஓய்வுநாளில் பிறக்காத பிள்ளை

எங்கள் ஊரில் ஓய்வுநாளில் பிள்ளை பிறப்பது கிடையாது. பாஸ்டனிலேயே இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஐயா. எங்கள் போதகர் போகிற ஊரெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார். மற்ற ஊர்களில் சனிக்கிழமை பொழுது சாய்ந்தபின், ஞாயிறு பொழுது சாய்வதற்குள், வருஷத்துக்கு ஒன்றிரண்டாவது பிறந்துவிடும். அந்தக் குடும்பம் அப்புறம் தலை நிமிராது. எங்களுக்கு அந்தக் கேடு இல்லை. கர்த்தர் இந்த ஊர்மேல் தனியாக ஒரு கண் வைத்திருக்கிறார் என்று ஆண்கள் சொல்லிக்கொள்வார்கள். பெண்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். என் வீட்டு வாசலில் வெண்ணெயோ கம்பளி நூலோ வைத்துவிட்டுப் போவார்கள்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. குளிர்காலத்தில் எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. நான் கெத்தூராள், இந்த ஊர் மருத்துவச்சி. என் மகள் பெர்சியாளும் அவள் பிள்ளையும் எப்படிச் செத்தார்கள் என்று விசாரிக்கத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். என் மாப்பிள்ளை ஒபதியா உங்களிடம் முறையிட்டிருக்கிறார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்குப் பாதி நாள் அவர் வீட்டில் இல்லை. முழுக்க இருந்தவள் நான்தான். அதனால் நானே சொல்வதுதான் முறை.

ஓய்வுநாளில் பிறக்கிற பிள்ளை ஓய்வுநாளில் கருவானது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கப்பலில் வந்த பெரியவர்கள் கொண்டுவந்தது. எந்தக் கிழமையில் கரு உண்டானதோ அந்தக் கிழமையில்தான் பிள்ளை வெளியே வருமாம். கர்த்தருடைய நாளில் புருஷனும் பெண்சாதியும் அடங்கி இருக்கவில்லை என்பதற்குப் பிள்ளையே சாட்சி. அப்படிப் பிறந்த பிள்ளைக்குப் போதகர் ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார். பெற்றவர்கள் சபை முன்னால் நின்று, செய்ததைத் தங்கள் வாயாலேயே சொல்லி அழவேண்டும். அதற்குள் பிள்ளை செத்துவிட்டால் அதன் பாடு அவ்வளவுதான்.

பெர்சியாள் ஓய்வுநாளில் பிறந்தவள். என் தலைச்சன் அவள்தான், அவளுக்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. காலை ஆராதனையில் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். சபைக்கூடத்துக்கு எதிர்வீடு எங்களுடையது. நல்ல கனமான பிள்ளை, அவள் போட்ட கூச்சலில் பாட்டே தடுமாறிப்போயிற்று என்று பிறகு சொன்னார்கள். அந்தக் கூச்சலைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை. என் புருஷன் எனோக்கு மட்டும் சிரிக்கவில்லை. சன்னல் கதவைப் போய்ச் சாத்தினார்.

நாங்கள் பிரசங்க மேடைக்குக் கீழே நின்றோம். எனோக்கு மரம் வெட்டுகிறவர், கையை ஓங்கினால் ஊரே விலகும். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, எந்த வாரம், எந்த இரவு என்று சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் காய்ச்சலில் கிடந்தார், ஐயா. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவருக்குக் கஞ்சி ஊற்றியவள் நான். எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. அதைப் போதகரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன்.

"பிள்ளை பொய் சொல்லுமாம்மா?" என்றார் அவர்.

பிள்ளை பொய் சொல்லாது. அதனால் நாங்கள் சொன்னோம். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று நினைத்தேன். அன்றைக்கு உள்ளே புகுந்த பயம் இன்றுவரை போகவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து ரொட்டி பிசையும்போதுகூட, முதுகுக்குப் பின்னால் ஊரே உட்கார்ந்திருப்பது போல எனக்கு இருக்கும்.

சபைக்கூடத்தில் நாங்கள் உட்காரும் இடத்தைக் கடைசிப் பலகைக்கு மாற்றினார்கள். கிணற்றடியில் முன்பலகைக்காரி தபித்தாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஏழாம் நாள்ல கர்த்தரே ஓய்ஞ்சிருந்தாரு. உன் புருஷன் ஓயலையாமேடி?"

அவளுக்கு வாய் நீளம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனோக்கு அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில்கூட என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. சாகும்வரை அப்படியே இருந்தார். பெர்சியாள் தெருவில் போனால் பிள்ளைகள் "ஓய்வுநாள் குட்டி, ஓய்வுநாள் குட்டி" என்று பின்னாலேயே போவார்கள். அவள் அழமாட்டாள், கல்லெடுத்து எறிவாள். அவள் என்னைப் போல இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். பிரசவத்தை அவசரப்படுத்தவும் முடியும், நிறுத்திவைக்கவும் முடியும் என்பது எல்லா மருத்துவச்சிக்கும் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் வலி வந்தால் நடக்கவைத்து, சூடாகக் குடிக்கவைத்து, பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம். ஓய்வுநாளில் வலி வந்தால் படுக்கவைத்து, காலை உயர்த்தி, தொடையைத் துணியால் கட்டி, தலை வந்தால் உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொள்ளவேண்டும். பொழுது சாய்ந்ததும் கையை எடுத்துவிடலாம். வேறொன்றும் இல்லை.

முதன்முதலில் யாருக்கு அப்படிச் செய்தேன் தெரியுமா? தபித்தாளுக்குத்தான். ஓய்வுநாள் காலையில் வலி எடுத்து, என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கெத்தூராளு, உனக்குப் புண்ணியமாப் போகும். என்னை அங்க கொண்டுபோய் நிக்க வச்சிராதடி. நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காத."

நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பழி வாங்கினேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்கு அவளைவிட எனக்குத்தான் அதிகப் பயம். பொழுது சாயும்வரை தாங்கினேன். பிள்ளை நீலமாக வந்தது, ஆனால் மூச்சு இருந்தது. வழியில் அவனைப் பார்த்திருப்பீர்கள். வேலியோரம் உட்கார்ந்து தன் விரல்களையே பிடித்துப் பிடித்து விடுவான், வாயில் எச்சில் ஒழுகும். வளர்ந்த ஆள், பேச்சு வராது. ஆனால் ஞானஸ்நானம் பெற்றவன். தபித்தாள் இன்றைக்கும் முன்பலகையில்தான் உட்காருகிறாள்.

அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். எல்லாப் பிள்ளையும் பிழைத்தது என்று நான் சொல்லமாட்டேன். எந்த மருத்துவச்சியும் அப்படிச் சொல்ல முடியாது. கல்லறைத் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் சின்னக் கற்களாக நிற்பதை நீங்களே பார்க்கலாம். அவற்றில் ஒன்றுகூட ஓய்வுநாளில் பிறந்ததில்லை.

இனி பெர்சியாள் விஷயம்.

ஒபதியா நல்ல பையன், கொல்லன். கடைசிப் பலகைக்காரியின் மகளைக் கட்டிக்கொள்ள வேறு யாரும் வரவில்லை. இவர் வந்தார். அவரைச் சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்க அந்த மாதம்தான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சேர்த்துவிட்டால் பெர்சியாளுக்கும் பலகை மாறும். பிள்ளை உண்டானது தெரிந்ததிலிருந்து நான் கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் அவளை வேண்டுமென்றே மாவு இடிக்க விடுவேன், வந்தால் அன்றைக்கே வந்துவிடட்டும் என்று. அவளுக்கு அது புரிந்துவிட்டது.

"அம்மா, உன் பேரன் உன்கிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் வருவான், கவலைப்படாத" என்று சிரித்தாள்.

ஓய்வுநாள் விடியலில் ஒபதியா வந்து கதவைத் தட்டினார்.

"அத்தை, பெர்சியாளுக்கு வலி எடுத்திருச்சு. சீக்கிரம் வாங்க."

ஒரு முழுப் பகல் மீதி இருந்தது. பிள்ளை பெற உட்காரவைக்கும் பிரசவ முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனால் ஊருக்கே தெரிந்துவிடும், அதனால் அதை என் வீட்டிலேயே விட்டுவிட்டேன். பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். பிரசவ வீட்டில் நான்கைந்து பெண்கள் கூடி, ரொட்டியும் பீரும் வைத்துக்கொண்டு, அரட்டை அடித்துப் பிள்ளை வரும்வரை துணையிருப்பார்கள். அன்றைக்கு யாரையும் கூப்பிடவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க ஆராதனைக்குப் போங்க" என்றேன்.

"என்ன அத்தை சொல்றீங்க? இவளை விட்டுட்டா?"

"உங்க எடம் காலியா இருந்தா என்னன்னு கேப்பாங்க. பெர்சியாளுக்குக் காய்ச்சல், அத்தை துணைக்கு இருக்காங்கன்னு சொல்லுங்க. இது தலைப்பிரசவம், நேரமாகும்."

அவர் பெர்சியாளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். போய்விட்டார். தலைப்பிரசவம் நேரமாகும் என்பது பொதுவாக உண்மை. இவளுக்கு அப்படி இல்லை என்று தொட்டுப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் வந்துவிடும் பிள்ளை அது. நல்ல இடுப்பு அவளுக்கு, எதுவும் கோணலாக இல்லை. நான் பார்த்ததிலேயே சுலபமான பிரசவங்களில் ஒன்றாக இருந்திருக்கும்.

அவளைப் படுக்கவைத்துக் கட்டினேன். முதலில் அவளும் ஒத்துழைத்தாள். அவள் வாயில் மடித்த துணியைக் கொடுத்ததும் நான்தான். தெரு வழியாகத்தானே எல்லாரும் சபைக்குப் போகிறார்கள்? பனியில் அவர்கள் பூட்ஸ் நெறிபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

இரண்டு ஆராதனைக்கு நடுவில் ஒபதியா வந்தார். சனிக்கிழமை சமைத்துவைத்த அவரைக்காய்க் கூழ் சட்டியில் உறைந்து கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"அத்தை, அவ மொகமே சரியில்ல. நான் போய் தபித்தாளம்மாவையாவது கூட்டிட்டு வரேன்."

"கூட்டிட்டு வாங்க. நாளைக்கு நீங்களும் பெர்சியாளும் மேடைக்குக் கீழ நில்லுங்க. எந்த ராத்திரின்னு ஊர் முன்னால சொல்லுங்க. சொல்வீங்களா?"

அவர் காதுவரைக்கும் சிவந்துபோனார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். எனோக்கைப் போலவே திருகினார். பிறகு மத்தியான ஆராதனைக்குப் போய்விட்டார். அதை அவர் உங்களிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பயம் யாருக்கும் சொந்தம்தான்.

அவர் போன பிறகு பெர்சியாள் துணியைத் துப்பினாள்.

"அம்மா, கட்டை அவுத்துவிடு. எனக்கு முக்கணும்."

"பொறுடி. பொழுது சாயட்டும்."

"நானும் ஓய்வுநாள்லதானேம்மா பொறந்தேன்? உசிரோடதானே இருக்கேன்? நல்லாத்தானே இருக்கேன்?"

அவள் கடைசிப் பலகையிலேயே பிறந்து வளர்ந்தவள், அதற்கு முன்னால் முன்பலகை என்று ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"அதுக்கு நான் பட்டது உனக்குத் தெரியாதுடி" என்றேன்.

"அவங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்கம்மா. நான் நிக்கறேன். நான் போய் நிக்கறேன், அவுத்துவிடும்மா."

அந்த நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது.

கோல்காரர் நெகேமியா. சபையில் தூங்குகிறவர்களை நீளக் கோலால் தட்டி எழுப்புகிறவர் அவர்தான். ஆராதனை நடுவில் எழுந்து, வராதவர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் போகிறவரும் அவர்தான். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கமே நின்று நான் பேசினேன்.

"கெத்தூராளு, நீயுமா வரலை? என்ன சங்கதி?"

"பெர்சியாளுக்குக் கடுங்காய்ச்சல், ஐயா. பக்கத்துல வராதீங்க, ஒட்டிக்கப்போகுது."

"காய்ச்சல்னா சரி. மாசம் வேற ஆச்சே அவளுக்கு. பார்த்து. நம்ம ஊர் பேரைக் கெடுத்துறாதீங்க தாயி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் கோல் பனியில் குத்திக் குத்திப் போகும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், பெர்சியாள் துணியைத் தானே எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் என்னையே பார்த்தன. ஒரு சத்தம் போட்டிருந்தால் நெகேமியா கதவை உடைத்திருப்பார். அவள் போடவில்லை. இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும், ஐயா. அவளும் பயந்தாள். கடைசியில் அவள் என் மகள்தான்.

அதற்குப் பிறகு அவள் கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. பொழுதை மட்டும் கேட்டாள். குளிர்காலப் பொழுது சீக்கிரம் சாயும் என்பார்கள், அன்றைக்குச் சாயவே இல்லை. இருட்டிய பிறகு நான் கையை எடுத்தேன். பிள்ளை வந்தது. ஆண். அழவில்லை. கூடவே இரத்தமும் வந்தது. அது நிற்கவே இல்லை. ஒபதியா உள்ளே வந்தபோது அவள் அவர் கையைப் பிடித்தாள். விடிவதற்குள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. தபித்தாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னாள்.

"நல்லவேளை கெத்தூராளு, நாளாவது தப்பிச்சுது. இல்லேன்னா தாயைப் போலப் பிள்ளைன்னு பேசியிருப்பாங்க."

போதகரும் ஜெபத்தில் ஒரு வார்த்தை சேர்த்தார், இந்தத் துக்கத்திலும் கர்த்தர் தம் நாளைக் கறைப்படாமல் காத்துக்கொண்டார் என்று. ஒபதியா அப்போதுதான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுநாள் குதிரையேறி உங்களிடம் வந்துவிட்டார்.

நீங்கள் கேட்க நினைத்தும் கேட்காமல் இருப்பது ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தேன் என்று இருக்கவேண்டாம்.

சூரியன் மலைக்குப் பின்னால் போனதைப் பெர்சியாள்தான் முதலில் பார்த்தாள். அவள் படுத்திருந்த இடத்திலிருந்து சன்னல் தெரியும்.

"அம்மா, பொழுது போயிருச்சும்மா" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். சபைக்கூடத்து உச்சியில் காற்றுத்திசை காட்டும் தகரச் சேவல் இருக்கிறதே, அதன் கொண்டையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் சூரியன் இன்னும் மறையவில்லை என்றுதானே அர்த்தம்? தெருவில் யாராவது நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தால்?

"இல்லடி, சேவல் மேல இன்னும் வெளிச்சம் இருக்கு" என்றேன்.

அதுவரை என் உள்ளங்கைக்குக் கீழே பிள்ளையின் உச்சி துடித்துக்கொண்டிருந்தது. கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் துடிக்குமே, அப்படி. நான் சேவலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றது. எனக்குத் தெரிந்தது. என் கை பழகிய கை, அதற்குத் தெரியாமல் போகாது. சேவலின் மேல் வெளிச்சம் அப்படியே இருந்தது.

அந்த நிமிஷமே கையை எடுத்திருந்தால் பெர்சியாள் பிழைத்திருப்பாள். இதை இப்போது உட்கார்ந்து யோசித்துச் சொல்லவில்லை. அப்போதே தெரியும். இரத்தம் என் முழங்கைக்கு வந்துவிட்டது, சூடாக இருந்தது. ஆனால் செத்துப் பிறந்தாலும் பிறந்த கிழமை ஒன்று இருக்கிறதே, ஐயா. செத்த பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் மேடைக்குக் கீழே நிற்பதை நான் நினைத்துப் பார்த்தேன். பிள்ளையை இழந்தவள் என்று யாரும் அழமாட்டார்கள், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் காதில் கேட்டது. கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டு, சேவல் கறுக்கும்வரை காத்திருந்தேன்.

ஆம், நான்தான் செய்தேன். இரண்டு பேரையும். முதலில் அவனை, பிறகு அவளை. மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக் கேட்டால் அவையும் என் கைதான்.

கயிறு என்றால் கயிறு, எனக்கு மறுப்பில்லை. ஆனால் தூக்குக்கு முன்னால் என்னை ஓய்வுநாளில் சபை முன் நிறுத்தி இதையெல்லாம் சொல்லவைப்பார்கள் என்று சிறைக்காரர் சொன்னார். அது வேண்டாம். உங்கள் காலைப் பிடிக்கிறேன், அது மட்டும் வேண்டாம். விடியலில், யாரும் எழுந்திருக்காத நேரத்தில் முடித்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் குமாஸ்தா எழுதிக்கொண்டிருக்கிறாரே, பிள்ளை பிறந்தது ஓய்வுநாள் முடிந்த பிறகுதான் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சேவல் முழுக்கக் கறுத்த பிறகு. இனி இந்த ஊரில் ஒருவரும் என் மகளை ஒரு வார்த்தை சொல்ல முடியாது.